செர்ரி என்று விற்கும் களாக்காய்

பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் கேக்கின் உச்சியில் சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருக்குமே, அதைச் செர்ரி என்று சொல்லித்தான் குழந்தைக்கு ஊட்டுகிறோம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் அது செர்ரி இல்லை, களாக்காய். விதையை எடுத்துவிட்டு, கந்தகச் சேர்மம் கலந்த நீரில் ஊறவைத்து நிறத்தை வெளுக்கச் செய்து, சர்க்கரைப் பாகின் அடர்த்தியை நாளுக்கு நாள் கூட்டித் தோய்த்து, எரித்ரோசின் என்ற சாயத்தில் சிவக்க வைக்கிறார்கள். முகமும் பெயரும் மாறிய பிறகுதான் அந்தக் காய்க்கு நகரத்தில் இடம் கிடைக்கிறது.

களாவின் உண்மையான முகத்தைப் பார்க்க ஜவ்வாது மலைக்குப் போக வேண்டும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வழியிலோ, ஆலங்காயத்திலிருந்து காவலூர் போகும் வழியிலோ, பங்குனி வெயிலில் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் சரிவுகளைக் கவனியுங்கள். அந்தப் பழுப்புக்கு நடுவே ஆள் உயரப் புதர்கள் சில மட்டும் பளபளவென்று பச்சையாக இருக்கும். அவற்றில் ஒன்று களா. காவலூருக்குப் போகிறவர்கள் அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்கும் ஆவலில் இந்தச் செடியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆண்டு முழுக்கப் பச்சையாக இருப்பது வறண்ட மலையில் சாமானிய வேலையில்லை. மற்ற மரங்கள் கோடையில் இலையைக் கொட்டித் தண்ணீரை மிச்சப்படுத்துகின்றன. களா இலையைத் தடிப்பாகவும் தோல் போலவும் செய்து, மேலே மெழுகு பூசி வைத்துக்கொள்கிறது. அப்படி ஓர் இலையைச் செய்யச் செடிக்குச் செலவு அதிகம். ஆடு கடித்துவிட்டால் நட்டமும் அதிகம். அதனால்தான் இவ்வளவு காவல்: ஒடித்தால் வெள்ளைப் பால், தொட்டால் முள்.

அந்த முள்ளை நின்று பார்க்க வேண்டும். ரோஜா முள்ளைப் போல அது மேல்தோலில் முளைத்ததல்ல. கிளையின் நுனி மொட்டுதான் முள்ளாகிவிடுகிறது, பல சமயம் கவையாகப் பிரிந்தும் நிற்கிறது. நுனி அடைபட்டதால் கிளை நேராக நீள முடியாது. கீழேயுள்ள இரண்டு பக்க மொட்டுகள் இரண்டு கிளைகளாகின்றன, பிறகு அவற்றின் நுனியும் முள்ளாகிறது. இப்படி ஒவ்வொரு முள்ளுக்கும் இரண்டு கிளை என்று பெருகி, கை நுழையாத புதர் உருவாகிறது. வேலிக்குக் களாவை வைத்த நம் முன்னோர் இந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்தே அறிந்திருப்பார்கள். புதருக்கு அடியில் விழும் வேறு மர விதைகளுக்கும் இதனால் ஆதாயம் உண்டு. ஆடுமாடுகளின் வாய்க்கு எட்டாமல் கன்றுகள் அங்கே தலையெடுக்கின்றன.

களா, அரளிக் குடும்பத்துச் செடி. அரளியின் நஞ்சு ஊரறிந்தது. களாவுக்கு இன்னும் நெருங்கிய உறவான அகோகாந்தெரா மரத்தின் சாற்றைக் கிழக்கு ஆப்பிரிக்க வேடர்கள் அம்பு நுனியில் தடவினார்கள். களாவின் வேரிலும் இதயத்தைத் தாக்கும் பொருள்கள் உள்ளன. அப்படிப்பட்ட வம்சத்தில் பழம் மட்டும் உண்ணத் தக்கதாக இருப்பது பறவைக்காகவும் விலங்குக்காகவும்தான். விதை முதிரும் வரை காய் பச்சையாகவும் வெளிறிய இளஞ்சிவப்பாகவும் இருக்கும். பால் ஒட்டும், புளிப்பு கூசும். விதை தயாரானதும் ஆந்தோசயனின் என்ற நிறமி ஏறிச் சிவந்து, ஊதாவாகி, கறுத்துவிடும். பாலும் புளிப்பும் குறையும். சின்னான் குருவிக்கு அந்தக் கறுப்பே அழைப்பு.

மனிதருக்கு இரண்டு பருவமும் உதவும். பழத்தைவிடக் காயில் பெக்டினும் புளிப்பும் மிகுதி. சர்க்கரையோடு கொதித்தால் வேறெதுவும் சேர்க்காமலே ஜாம் உறையும். ஊறுகாய்க்கும் காய்தான். பழத்தை அப்படியே தின்னலாம்.

களா என்று இங்கே சொல்வதில் இரண்டு இனங்கள் உண்டு. தாவரவியலாளர் லின்னேயஸ் 1767இல் பெருங்களாவுக்கும் 1771இல் சிறுகளாவுக்கும் அறிவியல் பெயர் வைத்தார். பேக்கரிக்குப் போவது காய் பெருத்த பெருங்களா. வறண்ட மலைச் சரிவுகளில் தானாக முளைத்துக் கிடப்பதோ பெரும்பாலும் சிறுகளா. லின்னேயஸ் பெயர் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழில் ஒரு சேர மன்னன் பெயரில் களா ஏறிவிட்டது. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்கு உரியவன் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல். முடிசூடும் வேளையில் உரிய அணிகள் கைக்கு எட்டாததால், களங்காய் கோத்த கண்ணியும் நாரால் செய்த முடியும் அணிந்துகொண்டான் என்று உரை சொல்கிறது. அரச தலையில் ஏறிய காய் இன்று தன் பெயரைச் சொல்லி விற்க முடியாமல் கிடப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பெயரை விடுங்கள், இடமே பறிபோகிறது. முள்ளுப் புதர் என்றால் தரிசு என்று முடிவுகட்டி வெட்டிச் சாய்க்கிறோம். மிஞ்சிய சரிவுகளில் உண்ணிச்செடி பரவி நெருக்குகிறது. களா மெதுவாக வளரும் செடி. அதன் விதையும் நெல்லைப் போல் சேமித்து வைக்கக் கூடியதல்ல. காய்ந்தால் சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும்.

ஆனி, ஆடியில் மலைக்குப் போனால், சாலையோரத்தில் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் களாப்பழம் விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். நன்றாகக் கறுத்ததைப் பார்த்துத் தின்னுங்கள். விதையைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக்கு அனுப்ப வேண்டாம். அங்கேயே, ஈர மண்ணில் துப்பிவிட்டு வாருங்கள்.