பறவைகளைப் பார்ப்போம், பறக்கச் செய்யாதிருப்போம்

தை மாதத்து விடியற்காலை ஒன்றில், கிராமத்து இளைஞர் யுவதிகள் சிலருடன் மன்னார் மாவட்டத்திலுள்ள வங்காலைப் பறவைகள் சரணாலயத்திற்குச் சென்றிருந்தோம். எம்மிடம் இரண்டு தொலைநோக்குக் கண்ணாடிகளும் ஒரு புகைப்படக் கருவியுமே இருந்தன. 2008ஆம் ஆண்டில் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இவ்விடம், 2010இல் ரம்சார் ஈரநிலமாகச் சர்வதேச அங்கீகாரமும் பெற்றது. இதன் பரப்பு 4,839 ஹெக்டேயர்.

ஆழமில்லாத நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தன. வளைந்த அலகால் சேற்றுநீரை வடித்து, சிறு இறால்களையும் பாசியையும் அவை உண்கின்றன. இவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அவற்றின் இறகுகளுக்கு இளஞ்சிவப்பைத் தருகின்றது. சற்று அப்பால், ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து குளிருக்குத் தப்பி வந்த ஊசிவால் வாத்துகள் மிதந்தன.

நல்ல படமொன்று எடுக்கும் ஆசையில் எம்மில் ஒருவர் குனிந்தபடி முன்னேறினார். பூநாரைகள் தலை நிமிர்த்தின. அவர் நிற்கவில்லை. மறுகணம் கூட்டம் முழுவதும் நீரின்மேல் ஓடி எழுந்து பறந்துவிட்டது. படம் அழகாகவே அமைந்தது. ஆனால் அதற்கு விலை கொடுத்தவை பறவைகள்.

இது எவ்வாறு? பறந்தெழுவதற்குப் பறவை மிகுந்த சக்தியைச் செலவிடுகின்றது. வலசை வரும் பறவைகள் பங்குனி, சித்திரையில் திரும்பிச் செல்வதற்கு முன் உடலில் கொழுப்பைச் சேமிக்க வேண்டும். நாளுக்குப் பலமுறை துரத்தப்பட்டால் சேமிப்பு கரையும். உண்ணும் நேரமும் குறையும். உண்ண விடாமல் எழுப்பி ஓடச் செய்வது என்னவென்று, இடம்பெயர்ந்து வாழ்ந்த எமது மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனவே சில பழக்கங்களைக் கைக்கொள்வோம். சூரியன் உதித்த பின்வரும் முதல் இரண்டு மணித்தியாலங்களே படமெடுக்க உகந்தவை. சூரியன் எமது முதுகுப்புறம் இருக்கட்டும். ஓரிடத்தில் தாழ்வாக அமர்ந்து காத்திருந்தால் பறவைகள் தாமே நெருங்கி வரும். வாகனத்துள் இருந்தபடியே பார்ப்பதும் நன்று. பறவை இரை தேடுவதை நிறுத்தித் தலை நிமிர்த்துமானால், அதுவே எமக்குரிய எல்லை. அங்கிருந்து மெதுவாகப் பின்வாங்க வேண்டும். கல்லெறிவதும் கைதட்டுவதும் கூடவே கூடாது.

நடக்கும்போது நிலத்தையும் கவனிப்போம். 2023இல் தனி இனமென விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்ட அனுமன் உப்புக்கொத்தி மன்னார்க் கரையோரத்தில் வாழும் சின்னஞ்சிறு பறவை. அது வெறும் தரையிலேயே முட்டையிடும். மணலின் நிறத்தோடு ஒன்றிப்போகும் அம்முட்டைகளைக் காணாமலே நாம் மிதித்துவிடலாம்.

அன்று திரும்பும்போது, படமெடுத்தவரே ஒரு யோசனை கூறினார்: அடுத்த முறை கருவியை ஒரு மணித்தியாலம் பையில் வைத்துவிட்டு, முதலில் பார்க்கப் பழகுவோம் என்று. நாம் அனைவரும் அதற்கு உடன்பட்டோம்.