கடாரத்துக் கற்கோயிலும் காட்டாற்றுப் பாதையும்

தைப்பூசம் வந்துவிட்டால் பினாங்குத் தண்ணீர்மலைக்கும் சுங்கை பட்டாணி முருகன் ஆலயத்திற்கும் பக்தர்கள் குடும்பம் குடும்பமாகப் புறப்படுவது வழக்கம். காவடி இறக்கி, நேர்த்திக்கடன் முடித்து, ஊர் திரும்புவதற்கு முன் அரை நாள் ஓய்வு கிடைக்கும். அந்த அரை நாளைப் பேரங்காடிகளில் கழிப்போரே அதிகம். ஆனால், சுங்கை பட்டாணியிலிருந்து ஏறத்தாழ அரை மணி நேரக் கார்ப் பயணத்தில், மெர்போக் வட்டாரத்துக் காட்டோரமாக, பூசை நின்று பல நூற்றாண்டுகள் கடந்துவிட்ட கோயில் ஒன்று இருக்கிறது. அங்கு மணியோசை கேட்பதில்லை. ஆற்றின் ஓசை மட்டும் ஓய்வதில்லை.

அதுவே பூஜாங் பள்ளத்தாக்கின் புக்கிட் பத்து பாஹாட் சண்டி. மலாய் மொழியில் இவ்விடப் பெயருக்கு 'உளியால் செதுக்கிய கல் குன்று' என்பது பொருள். பழைய கோயில்களைச் 'சண்டி' என்றே இவ்வட்டாரத்தார் அழைக்கின்றனர்.

முதியோரும் நடக்கலாம்

1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் தென்புறச் சரிவில், பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. அங்கிருந்து மரநிழலில் மேல்நோக்கிச் செல்லும் பாதை மலையேற்றம் எனச் சொல்லத்தக்கது அன்று. சிறுவரும் முதியோரும் நின்று நின்று, பேசிக்கொண்டே நடந்து முடிக்கலாம். வழியில், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் முதலிய இடங்களில் கண்டெடுக்கப்பட்டு, இங்கே கொணர்ந்து மீண்டும் அடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்களைக் காணலாம். பாதை முடியும் மேட்டில் உள்ள பெரிய சண்டி மட்டும் இடம் பெயராதது. தான் பிறந்த இடத்திலேயே, சுங்கை மெர்போக் கெச்சில் என்னும் சிற்றாற்றின் கரையில் அது நிற்கிறது.

முதன்முறை காண்போருக்குச் சிறிது ஏமாற்றம் தோன்றலாம். கோபுரம் இல்லை, மூலவர் இல்லை. கருங்கல் அடுக்கிய சதுரமான கருவறை மேடையும் அதன் முன்னே நீண்ட மண்டபத் தளமும் மட்டுமே எஞ்சியுள்ளன. ஆயினும், தளத்தில் வரிசையாக அமைந்த கல்பீடங்களைச் சற்று உற்றுநோக்கினால் கோயில் தானே உருப்பெறும். அவற்றின்மீதுதான் மரத்தூண்கள் நின்றன. அத்தூண்களே கூரையைத் தாங்கின. மரம் மக்கிப் போயிற்று; கல் நிலைத்தது. 1959, 1960ஆம் ஆண்டுகளில் இதனை அகழ்ந்து ஆராய்ந்து, சரிந்து கிடந்த கற்களை மீண்டும் நிலைநிறுத்தியவர் அலஸ்டேர் லாம்ப் என்னும் ஆய்வாளர். கோயில் எழுப்பும்போது புதைக்கப்பட்ட, குழிகள் குடைந்த கல்பேழைகளும் அப்பொழுது வெளிப்பட்டன. இது சிவாலயமாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஆறே அன்று சாலை

காட்டுக்குள் எதற்காக ஒரு கோயில் என்ற ஐயம் எழுவது இயல்பு. அதற்கு விடை பக்கத்திலேயே ஓடுகிறது. இரயிலும் தார்ச்சாலையும் இல்லாத காலத்தில் ஆறுகளே சாலைகள். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குத் தொலைவிலேயே கண்ணில் பட்ட அடையாளம் ஜெராய் மலை. அதனைக் குறிவைத்து வந்த கலங்கள் மெர்போக் முகத்துவாரத்தில் ஒதுங்கின. ஊர் திரும்ப ஏற்ற பருவக்காற்று வீசும்வரை வணிகர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. மனிதர் தங்கிய இடத்தில் சந்தை எழுந்தது. சந்தை எழுந்த இடத்தில் வழிபாடும் எழுந்தது.

இந்நிலப்பகுதியே தமிழர் கடாரம் என்றழைத்தது. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம் கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் கூறினார். 1025ஆம் ஆண்டளவில் படையெடுத்த இராசேந்திர சோழன் 'கடாரங்கொண்டான்' எனப் பெயர் பெற்றதைப் பள்ளி மாணவரும் அறிவர். அதற்கு முன்பே, கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்திற்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய செய்தியைச் செப்பேடுகள் கூறுகின்றன. போருக்கு முன்னர் நட்பும் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

சைவச் சின்னங்களும் பௌத்தச் சின்னங்களும் இப்பள்ளத்தாக்கில் அருகருகே கிடைத்துள்ளன. இவற்றையெல்லாம் தமிழரே கட்டினர் என்று உரிமை கொண்டாடுவது ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. வந்த வணிகரும் இம்மண்ணின் மக்களும் கலந்து வாழ்ந்ததன் சாட்சியமே இக்கற்கள். அதனாலேயே இவை மலேசியர் அனைவருக்கும் பொதுச் சொத்தாகின்றன.

இல்லாமற்போன கோயில்

1930களின் பிற்பகுதியில் இங்கு ஆய்வு செய்த குவாரிட்ச் வேல்ஸ், தாம் கண்ட இடிபாடுகளுக்கு வரிசை எண் இட்டார். புக்கிட் பத்து பாஹாட் 8ஆம் எண். அதே வரிசையில், சுங்கை பத்து தோட்டப் பகுதியில் இருந்தது 11ஆம் எண் கோயில். இன்று அதனைத் தேடிச் செல்வோருக்குக் காண்பதற்கு ஒன்றுமில்லை.

மேம்பாட்டுப் பணிக்காக நிலம் சமன்செய்யப்பட்டபோது அக்கோயில் தரைமட்டமாக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளியாகி, நாடெங்கும் வேதனையையும் கண்டனத்தையும் எழுப்பியது. நிலம் தனியாருடையது, கோயிலோ பாதுகாக்கப்பட்ட சின்னமாக அரசிதழில் இடம்பெறாதது. பல நூற்றாண்டு மழைக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடித்த கற்களைச் சில நாள் இயந்திர வேலை துடைத்தெறிந்தது. கண்டனம் எழுந்தபோது காப்பாற்ற எதுவும் மிஞ்சவில்லை.

இதில் அனைவருக்கும் ஒரு பாடம் உண்டு. அப்படியொரு கோயில் இருந்ததே, அது இல்லாமற்போன பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. ஆள் நடமாட்டமற்ற இடிபாடு வெறும் கற்குவியலாகவே பிறர் கண்ணுக்குப் படும். பிள்ளைகளோடு குடும்பங்கள் வந்து போகும் இடத்தைத் தொடுவதற்கு எவரும் சற்றுத் தயங்குவர். அவ்வகையில், ஒரு மணி நேர நடைகூட ஒரு காவலே.

செல்வோர் கவனத்திற்கு

காலை வேளையே நடைக்கு உகந்தது. தைப்பூசக் காலத்தில் வடமாநிலங்களில் பொதுவாக மழை குறைவு என்பதால் பாதை உலர்ந்திருக்கும். வழுக்காத காலணி, குடிநீர், கொசு மருந்து ஆகியவை போதும். நேரம் உள்ளவர்கள் அருகிலுள்ள சுங்கை பத்து அகழாய்வுத் தளத்தையும் காணலாம். பழங்கால இரும்பு உருக்கு உலைகளின் எச்சங்களும் படகுத்துறையின் தடயங்களும் அங்கே வெளிப்பட்டுள்ளன. ஆறு இன்று விலகிப்போய்விட்ட இடத்தில் படகுத்துறையைக் காண்பது தனி அனுபவம்.

ஆற்றில் இறங்க விரும்புவோர் எச்சரிக்கையுடன் இருத்தல் அவசியம். கீழே வெயில் அடித்தாலும் மலைமேல் பெய்யும் மழை நொடியில் வெள்ளமாய் இறங்கக்கூடும். 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த திடீர் வெள்ளம் உயிர்களைப் பலி கொண்டது. நீர் கலங்கினாலோ, இலைதழைகள் மிதந்து வந்தாலோ உடனே கரையேறிவிட வேண்டும். மலைமேல் மேகம் கறுத்திருந்தால் ஆற்றுப் பக்கம் போகாதிருப்பதே நன்று.

பக்தி மேலீட்டால் கற்களின்மீது சூடம் ஏற்றுவதும், திருநீறு, குங்குமம் பூசுவதும், மேடைமீது ஏறிப் படம் எடுப்பதும் தவிர்க்கத்தக்கவை. ஒரு சிறு கல்லையும் நினைவுப் பொருளாக எடுத்து வரலாகாது. கைகூப்பி ஒரு நிமிடம் நிற்பதே அங்கு போதுமான வழிபாடு.

காவடி சுமந்த கால்களுக்கு இந்த நடை பெரிதன்று. அடுத்த தைப்பூசத்திலும் அதற்கடுத்த தைப்பூசத்திலும் 8ஆம் எண் கோயில் அந்த ஆற்றங்கரையில் நிற்க வேண்டுமானால், அதனைத் தேடி வரும் காலடிகள் பெருக வேண்டும்.