தாமரைக்கு உறவினர் யார்?



நம் குளங்களில் தாமரையும் அல்லியும் அடுத்தடுத்து மலர்கின்றன. இரண்டும் சேற்றில் வேரூன்றிப் பல இதழ்களுடன் பூப்பன. ஆதலின் அவற்றை உடன்பிறப்புகள் எனக் கருதுவது இயல்பே. கேசரங்களை எண்ணித் தாவரங்களை வகுத்த சுவீடன் நாட்டறிஞர் லின்னேயசும், 1753 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், தாமரையை அல்லியின் சாதியிலேயே சேர்த்தார்.

எனினும், சற்று உற்று நோக்குவோம். அல்லியிலை ஒருபுறம் பிளவுபட்டு நீரில் மிதப்பது. தாமரையிலையோ பிளவின்றி வட்டமாய், நடுவிற் காம்பு தாங்க, நீர்மட்டத்துக்கு மேலும் உயர்வது. அல்லிக்காய் நீருள் முதிரும். தாமரைவிதை நீருக்கு மேலே பொகுட்டின் குழிகளில் முதிரும். தாமரையின் மகரந்தமணியிற் பெரும்பாலும் மூன்று பிளவுகள் உண்டு, அல்லியினதில் அவ்வாறில்லை.

பரம்பரையலகுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது ஐயம் நீங்கிற்று. பூக்குந் தாவரங்களின் கூர்ப்பில் மிகத் தொன்மையிலேயே தனித்துப் பிரிந்த கிளை அல்லி. தாமரையின் உறவினரோ நிலத்தில் நிற்கும் மரங்கள்! ஐரோப்பிய நகர வீதிகளிலுள்ள பிளேன் மரமும், நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிழல் தரும் கிரெவிலியா மரமும் அதனுடன் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. 1998 இல் வெளியான புதிய பாகுபாடு இதனை ஏற்றுக்கொண்டது.

அவ்வாறாயின் தாமரையும் அல்லியும் ஒத்திருப்பது ஏன்? வெவ்வேறு வழியில் வந்த இரண்டும் ஒரேவகை நீர்வாழ்க்கைக்கு இசைந்தமையே காரணம். வாழிடம் தந்த ஒப்புமை வேறு, வழிவந்த உறவு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இன்றைய பாகுபாட்டின் பணி. நேயர்களே, குளக்கரையில் நிற்கும்போது மலரைப் பார்க்குமுன் இலையைப் பாருங்கள்.