வலவனும் வானூர்தியும்

புறநானூற்றின் 27-ஆம் பாட்டிலே வலவன் இன்றி விண்ணிற் செல்லும் ஊர்தியொன்று பேசப்படுகின்றது. அது புகழுடையோர் மறுமையில் எய்துவது. நாம் ஈண்டுக் கூறப்புகும் ஊர்தியோ அத்தகையதன்று. இதற்கு வலவன் உண்டு; ஆயினும் அவன் ஊர்தியினுள் இரான்; நிலத்தில் நின்றவாறே கைப்பெட்டி ஒன்றினால் அதனைச் செலுத்துவான். ரேடியோவினால் இயங்கும் மாதிரி விமானம் என்பது இதுவே.

கம்பியின்றித் தொலைவிலுள்ள பொருளை ஏவலாம் என்பதை, 1898-இல் நியூயார்க்கு நகரில் ஒரு சிறு படகைக் கொண்டு டெஸ்லா என்பார் காட்டினார். 1937-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் குட் என்னும் பெயருடைய இரட்டைச் சகோதரர் தம் மாதிரி விமானத்தை ரேடியோவினால் பறக்கவிட்டனர். நம் நாட்டிலோ, தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் பயில்வோர்க்கு மாதிரி விமானப் பயிற்சியும் ஒரு பாடமாக உள்ளது.

நிற்க. இக்கலையில் புகுவார் பலர் முதல் நாளிலேயே மனமுடைந்து விலகுகின்றனர். காரணம் திறமையின்மையன்று, தம் திறமைக்கு ஒவ்வாத விமானத்தைத் தேர்தலேயாம். இதனை யாம் பிறர்பாற் கேட்டு எழுதவில்லை, பட்டறிந்தே எழுதுகின்றோம்.

எம் விடுதித் தோழரும் யாமும் ஈராண்டு சேர்த்த பொருளைக்கொண்டு ஒரு விமானம் வாங்கினோம். இரண்டாம் உலகப் போரிற் பறந்த ஸ்பிட்ஃபயர் என்னும் போர் விமானத்தின் வடிவம் அது. அதன் அழகொன்றையே கண்டோம். பங்குனி மாதத்துக் காலையொன்றில், பிசான அறுவடை முடிந்த வயலில் அதனை எழுப்பினோம். அரை நிமிடமும் ஆகவில்லை. எம்மை நோக்கித் திரும்பிய விமானம் ஒருபுறம் சாய்ந்தது. தோழர் மாற்றுப் புறத்தே கோலை அசைத்தார். அது தலைகீழாய் விழுந்து வரப்பில் மோதிச் சிதறியது. சற்றுத் தொலைவில் பெண்டிர் இருவர் புல்லறுத்துக்கொண்டிருந்தனர். இருபது அடி தள்ளி விழுந்திருப்பின் என்னாகியிருக்கும் என்பதை நினைக்க இன்றும் உள்ளம் நடுங்குகின்றது. பொருள் போனதைவிட இதுவே எம்மை வருத்தியது.

தவறு யாது? முதலாவது, ஒவ்வொரு விமானத்திற்கும் ஒரு குறைந்த வேகம் உண்டு. வேகம் அதனினும் தாழ்ந்தால் இறகு சுமையைத் தாங்காது. எடை ஒன்றாயிருக்க, இறகின் பரப்பு பாதியானால், வீழாதிருக்க வேண்டும் வேகம் சுமார் 1.4 மடங்காகும். போர் விமான வடிவங்கள் சிறிய இறகும் மிக்க எடையும் உடையன. ஆதலின் விரைந்து பறக்கும். புதியவனுக்குச் சிந்திக்கப் பொழுது தாரா. இரண்டாவது, விமானம் நம்மை நோக்கி வருங்கால் அதன் வலம் நமக்கு இடமாகும். எந்த இறகு தாழ்கின்றதோ அந்தப் பக்கமே கோலை அசைத்தல் வேண்டும். இவ்வொரு விதியை அன்று அறிந்திருந்தோமாயின் எம் விமானம் பிழைத்திருக்கலாம்.

ஆகவே, விமானங்களை வலவனின் தகுதிக்கேற்ப மூன்று படியாகப் பகுத்தல் நலம்.

முதற் படி, புதியோர்க்குரியது. இறகு உடலின் மேற்புறத்தே அமைந்து, அதன் இரு நுனிகளும் சற்று மேல்நோக்கி இருத்தல் வேண்டும். அத்தகைய விமானம் சாய்ந்தாலும், கோலை விட்டுவிடின், பெரும்பாலும் தானே நிமிரும். உடல் நுரைப்பொருளால் ஆயதாக இருப்பின், உடைந்தவிடத்தைப் பசையால் ஒட்டி அன்றே மீண்டும் பறக்கலாம். விசிறி பின்புறம் இருப்பின் மூக்கு மோதினும் அது முறியாது. மோட்டாரின் வேகம், ஏற்ற இறக்கத்திற்குரிய எலிவேட்டர், திருப்பத்திற்குரிய சுக்கான் என்னும் மூன்று ஏவல்களே தொடக்கத்திற்குப் போதும். இறகின் நீளம் ஒரு மீட்டருக்குக் குறையாதிருப்பது நன்று. மிகச் சிறியது மலிவாயினும் காற்றில் அலைவுறும். கண்ணுக்கும் விரைவில் மறையும்.

இரண்டாம் படியில், இறகின் ஓரத்தில் அமைந்த எயிலெரான் என்னும் மடிப்பால் உருளும் விமானங்கள் அடங்கும். முன்னர் மேலிறகும், பின்னர்த் தாழ்ந்த இறகும் உடையவற்றை முறையே பயிலலாம். இவை தாமே நிமிரமாட்டா. வைத்த சாய்விலேயே நிற்கும். வலவனே நிமிர்த்தல் வேண்டும்.

மூன்றாம் படியில் வித்தை விமானங்களும், போர் விமான வடிவங்களும், உடலினுள்ளே விசிறி அமைந்த ஜெட் வடிவங்களும் நிற்கின்றன. நாங்கள் ஏறத் தொடங்கிய படி இதுவே!

ஒரு படியினின்று அடுத்ததற்கு ஏறுங் காலம் யாது என வினவுவார்க்கு யாம் கூறும் சோதனை இது: உயரம் மாறாமல் எட்டு என்னும் எண்வடிவிற் பறத்தல், மோட்டாரை நிறுத்திவிட்டுக் குறித்த இடத்தில் இறக்குதல், சேதமின்றிப் பத்துமுறை தொடர்ந்து இறக்குதல். இவை கைவந்தபின் ஏறலாம். கைரோ என்னும் கருவி சாய்வைத் தானே திருத்தும். அது துணையேயன்றிப் பயிற்சிக்கு ஈடாகாது. கணினியில் பறந்து பழகும் வசதியும் உண்டு; அங்கே நூறு முறை விழினும் செலவில்லை.

எப்படியினதாயினும், எழுப்புமுன் எடையின் மையத்தைப் பார்த்தல் வேண்டும். அது பெரும்பாலும் இறகின் முன்விளிம்பிலிருந்து இறககலத்தின் நாலிலொரு பங்கிற்கும் மூன்றிலொரு பங்கிற்கும் இடையே அமையும். மூக்கு சற்றுக் கனத்தால் விமானம் மந்தமாய்ப் பறக்கும். வால் கனத்தால் அடக்கவொண்ணாது.

இனி, நம் நாட்டு நிலமும் காற்றும் பற்றிச் சில. ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே மேல்காற்று பாய்ந்து வரும். பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது அதனாலேயே. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்திற் பறக்கும் பயிற்சி விமானம் 30 கிலோமீட்டர்க் காற்றை எதிர்த்தால் பின்னோக்கியே செல்லும். அம்மியை அசைக்கும் ஆடிக் காற்றில் புதியோன் எழுப்பலாகாது. பிசான அறுவடைக்குப்பின், கார் நடவிற்குமுன், அதிகாலையில், தாமிரபரணிப் பாசனத்து வயல்களே தக்க இடம். நிலமுடையாரின் இசைவும் வேண்டும். படித்துறைகளுக்கும் சாலைகளுக்கும் மேலே பறக்கவிடலாகாது.

மேலும், 2021-இல் வெளியான ட்ரோன் விதிகள் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூவகையாகப் பகுத்தன. வாகைக்குளத்து விமான நிலையம், கூடங்குளத்து அணுமின் நிலையம், மகேந்திரகிரியின் விண்வெளி ஆய்வு வளாகம், விஜயநாராயணத்துக் கடற்படைத் தளம் ஆகிய இவை நம்மைச் சூழ இருத்தலின், அரசினரின் வான்வெளிப் படத்தைப் பாராது எழுப்புவது பெரும்பிழையாம்.

நண்பர்காள்! தோழரும் யாமும் இப்பொழுது நுரையுடலும் மேலிறகும் கொண்ட எளிய விமானமொன்றைப் பழகி வருகின்றோம். அதனிடத்து அழகில்லை, பலவிடத்தும் ஒட்டுக்கள் உள. ஆயினும் சென்ற திங்களில் எட்டுமுறை தொடர்ந்து சேதமின்றி இறங்கினோம். ஒன்பதாவதில் சக்கரம் ஒடிந்தது. மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியுள்ளோம். பழைய போர் விமானத்தின் முறிந்த இறகோ எம் அறைச் சுவரிலே தொங்குகின்றது. அதனைக் காணுந்தோறும் ஊர்தியின் அழகு எம் நினைவுக்கு வருவதில்லை. புல்லறுத்த அவ்விருவரே வருகின்றனர்.