குளத்திற்கு வந்த முதலை

மாசி மாதத்து முற்பகல் நேரம். பரமத்தி வேலூருக்கு அருகே வாழைத் தோட்டத்தை ஒட்டி ஒரு பண்ணைக்குட்டை. அதன் கரையில் பனந்துண்டு போல ஏதோ கிடக்கிறது. நேற்று அது அங்கே இல்லை. நீங்கள் பத்தடி நெருங்கியதும் அந்தத் துண்டு நான்கு கால்களில் எழுந்து, ஓசையின்றி நீருக்குள் நழுவி மறைகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

இது நான் கற்பித்துச் சொன்ன காட்சிதான். ஆனால் நடக்கவே முடியாதது என்று தள்ளிவிடவும் முடியாது. 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்திலும், அதற்கு மேலே ஒகேனக்கல் வரையிலான காவிரியிலும் முதலைகள் வாழ்கின்றன. ஒகேனக்கல்லில் வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையமே இருக்கிறது. அணையைத் தாண்டிய காவிரி பள்ளிபாளையம், வேலூர், மோகனூர் என்று நாமக்கல் மாவட்டத்தின் ஓரமாகவே செல்கிறது. மேட்டூரிலிருந்து பிரியும் கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்களும் உள்ளன. நமக்கு இவை பாசன வசதிகள். முதலைக்கோ இவை சாலைகள்.

முதலில் விலங்கை அடையாளம் காண்போம். ஆங்கிலப் பாடத்தில் 'குரோக்கடைல்', 'அலிகேட்டர்' என்ற இரு சொற்களையும் படித்துவிட்டு இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். அலிகேட்டர் அமெரிக்காவிலும் சீனாவிலும் மட்டுமே இயற்கையாக வாழ்வது. வாயை மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரிந்தால் அது முதலை, தெரியாவிட்டால் அலிகேட்டர். நம் நாட்டில் உள்ள மூன்று இனங்களுள் கடலோரக் கழிமுகங்களில் வாழும் உவர்நீர் முதலையும், வட இந்திய ஆறுகளில் மீன் தின்று வாழும் நீண்ட மூக்குடைய கரியாலும் நம் ஊர்க்குட்டைக்கு வரப்போவதில்லை. வரக்கூடியது நன்னீரில் வாழும் சதுப்புநில முதலை. வட இந்தியர் இதனை 'மகர்' என்பர். வளர்ந்தது பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்றரை மீட்டர் நீளம் இருக்கும்; அரிதாக இதற்கு மேலும் வளரும்.

நம் பக்கத்து வயல்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. உடும்பைக் கண்டுவிட்டு 'முதலைக்குட்டி' என்று ஊரைக் கூட்டிவிடுவார்கள். உடும்பு பிளவுபட்ட நாக்கை வெளியே நீட்டி நீட்டி இழுக்கும். முதலையால் நாக்கை நீட்டவே முடியாது. அது அடிவாயோடு ஒட்டியிருக்கிறது. முதலையின் வால்மேல் வாள்பற்கள் போன்ற செதில் வரிசை நிமிர்ந்து நிற்கும். உடும்புக்கு அப்படி இல்லை.

சரி, ஆற்றில் இருக்க வேண்டியது குட்டைக்கு ஏன் வந்தது? நீர் வற்றும் காலத்தில் இந்த முதலைக்கு இரண்டு வழிகள் உண்டு. கரையில் வளை தோண்டிக்கொண்டு உள்ளே கிடப்பது ஒன்று. இரவில் தரைமேல் நடந்து வேறு நீர்நிலையைத் தேடுவது மற்றொன்று. வயிற்றைத் தரையிலிருந்து தூக்கியபடி கிலோமீட்டர் கணக்கில் நடக்க அதனால் முடியும். பெரிய ஆண் முதலைகளால் விரட்டப்பட்ட இளம் முதலைகளும் இவ்வாறு புறப்படுவதுண்டு. வெள்ளக் காலத்திலோ நடக்கவே வேண்டியதில்லை. நீரே கொண்டுவந்து சேர்த்துவிடும். 2024 ஆகஸ்டில் குஜராத்தின் வதோதரா நகரில் விசுவாமித்திரி ஆறு பெருகியபோது முதலைகள் தெருக்களுக்கும் வீட்டு முற்றங்களுக்கும் வந்துவிட்டன. கொங்கு நாட்டுக்கும் இது புதிதன்று. அவினாசியில் ஏரி முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட வரலாற்றைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏரியில் முதலை கிடப்பது மக்களுக்குப் பழகிய செய்தியாக இருந்த ஒரு காலத்தின் கதை அது.

இப்போது ஆபத்தைப் பார்ப்போம். முதலையின் தாடைகளைச் சுற்றிச் சிறுசிறு கரும்புள்ளிகள் போன்ற உணர்வுறுப்புகள் உள்ளன. நீரில் எழும் மிகச் சிறிய அலையையும் அவை உணரும். கலங்கிய நீரானாலும், இருட்டானாலும், கரையில் ஒருவர் குடத்தை அமிழ்த்துவது அதற்குத் தெரிந்துவிடுகிறது. கண், மூக்கு, காது மூன்றும் தலையின் மேற்புறத்தில் ஒரே மட்டத்தில் இருப்பதால், உடல் முழுவதையும் நீருக்குள் மறைத்துக்கொண்டு அது காத்திருக்கும். தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள உணவைச் செலவிடாத பிராணி ஆதலால், அதே எடையுள்ள பாலூட்டி ஒன்றுக்குத் தேவைப்படுவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உணவே அதற்குப் போதும். எனவே அதற்கு அவசரமில்லை. மனிதர்கள் தாக்கப்படுவது பெரும்பாலும் நீரின் விளிம்பில்தான்: குளிக்கும்போது, துணி துவைக்கும்போது, மாடு கழுவும்போது, வலை இழுக்கும்போது.

அப்படியானால் ஊர் கூடிக் கயிறும் கம்பும் எடுத்து அதைக் கரைக்கு இழுத்துவிட்டால் என்ன? நீருக்குள் பிறவற்றை வெல்லும் முதலையை, நீரை விட்டு நீங்கினால் பிற வென்றுவிடும் என்று வள்ளுவர் 'இடனறிதல்' அதிகாரத்தில் கூறியிருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். அவர் கூறியது உடலியல்படியும் உண்மை. முதலையின் தசைகள் திடீர்ப் பாய்ச்சலுக்கு வேண்டிய ஆற்றலை ஆக்சிஜன் இல்லாமலே உண்டாக்கிக்கொள்கின்றன. அப்போது லாக்டிக் அமிலம் சேர்கிறது. சில நிமிடப் போராட்டத்திலேயே முதலை ஓய்ந்துவிடும். இரத்தத்தில் சேர்ந்த அமிலம் நீங்கப் பல மணி நேரம் ஆகும். பெரிய முதலைகள் பிடிபட்ட பிறகு, வெளிக்காயம் ஏதுமின்றி இந்த அமிலத்தாலேயே இறந்துபோவதுண்டு. ஆனால் ஓய்வதற்கு முந்திய அந்தச் சில நிமிடங்களில், வாலுக்கும் வாய்க்கும் எட்டும் தூரத்தில் நிற்பவர் நம்மவராயிற்றே! கூட்டம் கூடுவதால் இரு தரப்புக்கும் கேடுதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முதலையைத் துன்புறுத்துவதும் கொல்வதும் கடுங்குற்றம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, பின்வாங்கி வந்து பெரியவர்களிடம் சொல்வது. கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ நேராகவோ வனச்சரக அலுவலகத்துக்குச் செய்தி போக வேண்டும். அவர்கள் வரும்வரை ஆடு, மாடு, நாய் எதையும் அந்தக் குட்டைக்கு விடக்கூடாது. கல் எறிதல் வேண்டாம். நாமக்கல் பக்கத்து நண்பர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கோழிப்பண்ணைகள் மிகுந்த பகுதி உங்களுடையது. இறந்த கோழியை நீர்நிலையில் எறிவது எங்கும் தவறு. முதலை உள்ள நீரில் எறிவது பெருந்தவறு. உணவும் மனித நடமாட்டமும் ஒரே இடத்தில் சேர்வதை முதலை விரைவில் கற்றுக்கொள்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அலிகேட்டருக்கு உணவிடுவதைச் சட்டமே தடை செய்வது இதனால்தான்.

வனத்துறையினர் கூண்டு வைத்தோ, வலையிட்டோ, நீரை இறைத்தோ முதலையைப் பிடிப்பர். பிடித்ததும் ஈரத்துணியால் கண்ணைக் கட்டுவர்; பார்வை மறைந்தால் அது பெரிதும் அடங்கிவிடும். அடுத்து வாய். 'முதலைப்பிடி' என்று நாம் சொல்வது மூடும் தசைகளின் வலிமையை. திறக்கும் தசைகளோ மிகவும் வலுவற்றவை. சாதாரணக் கயிறு ஒன்றே வாயைத் திறக்க முடியாமல் செய்துவிடும்.

பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விட்டால் தொல்லை தீர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வளவு எளிதன்று. ஆஸ்திரேலியாவில் ஓர் உவர்நீர் முதலையை ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று தீபகற்பத்தின் மறுகரையில் விட்டார்கள். உடலில் பொருத்திய கருவியின் மூலம் துணைக்கோள் அதைக் கண்காணித்தது. சில மாதங்கள் அங்கேயே சுற்றிய அது, பிறகு ஒரு நாள் புறப்பட்டு, 400 கிலோமீட்டருக்கும் மேல் நீந்தி, 20 நாட்களில் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது! 2007-ல் வெளியான ஆய்வு இது. நம் மாநிலத்தில் இந்தச் சிக்கலைத் தினந்தோறும் அறிந்தவர்கள் சிதம்பரம் வட்டாரத்து மக்கள். காவிரியின் கிளையான கொள்ளிடத்து முதலைகள் அங்கே வாய்க்கால்களிலும் ஊர்க்குளங்களிலும் புகுந்துவிடுகின்றன, உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. பிடிபடுபவற்றை வனத்துறையினர் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுகின்றனர். ஒன்று போனால் இன்னொன்று வருகிறது. ஆறு இருக்கும்வரை அது அப்படித்தான் இருக்கும்.

ஒரே குளத்தை மனிதரும் முதலையும் பங்கிட்டுக்கொள்ளும் ஊர்களும் உண்டு. குஜராத்தில் சபர்மதிக்கும் மாகிக்கும் இடைப்பட்ட சரோத்தர் பகுதியில், மலாத்தஜ் முதலான ஊர்களின் குளங்களில் முதலைகள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. மக்கள் அவற்றைப் போற்றுகின்றனர். தாக்குதல் அங்கே அரிது. அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. எனக்கு அதைவிடப் பிடித்தது இலங்கையின் பழைய முறை. நில்வளா ஆற்றங்கரையில் குளிதுறையைச் சுற்றி நீருக்குள் உறுதியான கழிகளை நெருக்கமாக நட்டு, வேலி ஒன்று அமைப்பார்கள். சிங்களத்தில் அதற்குக் 'கிம்புல் கொட்டுவ' என்று பெயர். முதலை வேலிக்கு வெளியே, குளிப்பவர் உள்ளே. இப்போது இரும்புக் கம்பியிலும் இதைச் செய்கின்றனர். முதலை நடமாடும் நம் படித்துறைகளுக்கும் இது ஏற்றதே.

வனத்துறையினர் வந்ததும் உங்களிடம் கேட்கும் முதற்கேள்வி, 'எவ்வளவு பெரியது?' என்பதாகத்தான் இருக்கும். பயத்தில் எல்லா முதலையும் பத்தடியாகத் தெரியும். தொலைவிலிருந்தே கணக்கிட ஒரு வழி சொல்கிறேன். நீருக்கு மேலே தலை மட்டும் தெரிந்தால் போதும். மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை வரையுள்ள நீளத்தை, அருகே உள்ள ஏதேனும் ஒரு பொருளோடு ஒப்பிட்டு மனத்தில் கொள்ளுங்கள். உடலின் முழு நீளம் அதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. தலை 30 சென்டிமீட்டர் என்றால் முதலை இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். இரவானால் தொலைவில் நின்று டார்ச் விளக்கை நீரின்மேல் அடிக்கச் சொல்லுங்கள்; விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்பியனுப்புவதால் கண்கள் தணல் போல் சிவந்து மின்னும். எத்தனை சோடிக் கண்கள் என்பதையும் எண்ணி, நேரத்தோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.