இடைநின்ற பணம்

நாணயம் என்ற சொல்லைத் தமிழர் இரு பொருளில் வழங்குகிறோம். கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். ஒரு வணிகரை நாணயமானவர் என்று ஊரார் சொன்னால், அவரிடம் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு நாம் கவலையின்றி உறங்கலாம் என்பது பொருள். ஆனால் விற்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாத வணிகத்தில் இந்த இரண்டாவது நாணயத்தைக் காப்பவர் யார்?

இக்கேள்வி இணையத்தோடு பிறந்ததன்று. என் தந்தையார் இளைஞராயிருந்த காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால், புத்தகம், கைக்கடிகாரம், தலைவலித் தைலம் ஆகியவற்றின் விளம்பரங்களுக்கு அடியில் ‘வி.பி.பி.யில் அனுப்பப்படும்’ என்ற வரியைக் காணலாம். தபால்காரர் பொட்டலத்தை வீட்டு வாசலில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்வார். அது மணியார்டராக விற்றவரைச் சென்றடையும். இருவருக்கும் நடுவே தபால் இலாகா நின்றது. அதில் தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இருந்தது ஓர் இலாகாதான். இன்று அந்த நடுவிடத்தில் பல நிறுவனங்கள் நிற்கின்றன. ‘பேமெண்ட் கேட்வே’ என்ற பொதுப்பெயரால் அவற்றை வழங்குகிறார்கள். இணையத்தில் கடை திறக்கும் எவரும் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

அவ்வாறு தேர்ந்தெடுப்பதில் நானே ஒருமுறை தவறினேன். மதுரையிலிருக்கும் என் தங்கை கையால் முடிச்சிட்ட சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்று வருகிறாள். கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கும் அண்ணன் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பாள்? நான் நான்கு நிறுவனங்களின் கட்டணங்களைத் தாளில் எழுதி ஒப்பிட்டு, எது நூற்றுக்குக் கால் ரூபாய் குறைவாகக் கேட்டதோ அதைச் சுட்டிக் காட்டினேன். மற்றவற்றை ஆராயவில்லை.

ஓராண்டு இடரின்றிக் கழிந்தது. அடுத்த தீபாவளிக்கு இருபது நாள் முன்னதாக, அவளிடம் சேலை வாங்கிய பெண்மணி ஒருவர் அதை உடுத்து ஒரு காணொளி வெளியிட்டார். வாரம் பத்துப் பதினைந்து சேலைகள் விற்றுவந்த கடையில் நான்கே நாளில் நூற்று நாற்பது சேலைகளுக்குப் பணம் வந்துவிட்டது. வந்தது என்று சொல்வதும் பிழை. வாங்கியவர்களின் கணக்கிலிருந்து போனது, என் தங்கையின் கணக்கை வந்தடையவில்லை. நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற இரண்டு சொற்கள். தொலைபேசியில் அழைத்தால் இயந்திரக் குரல். மின்னஞ்சலுக்கு ஒரே மாதிரியான மறுமொழி. முடிச்சிடும் பெண்களுக்கும் சாயமிடுபவருக்கும் பண்டிகைக்கு முன் கூலி கொடுத்தாக வேண்டும். அவர்கள் வீட்டிலும் தீபாவளி அன்றோ? அவள் தன் வளையல்களை அடகு வைத்துக் கூலி கொடுத்தாள். இருபத்து மூன்று நாள் கழித்துப் பணம் முழுவதும் வந்து சேர்ந்தது. வளையல்களுக்குக் கட்டிய வட்டியை யாரும் தரவில்லை.

அந்நிறுவனத்தை வைவது எளிது, நானும் வைதேன். பின்னர் ஆத்திரம் தணிந்து ஆராய்ந்தபோது அவர்கள் பக்கத்திலும் ஒரு காரணம் இருப்பதை உணர்ந்தேன். அதை அறிய, பணம் செல்லும் வழியை அறிதல் வேண்டும்.

வாடிக்கையாளர் தம் அட்டையின் எண்ணைக் கொடுக்கிறார். அது இடைநிறுவனத்தின் வழியே விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற அட்டை வலையமைப்பைக் கடந்து, அட்டையைக் கொடுத்த வங்கிக்குச் செல்கிறது. வங்கி ஓ.டி.பி. எண்ணை அனுப்பி, வாங்குபவர் உண்மையானவர்தாம் என்று உறுதி செய்துகொண்டு இசைவு தருகிறது. இவையெல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடுகின்றன. பணம் வணிகரின் கணக்கை அடைவதற்கோ பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வேலைநாட்கள் ஆகின்றன. இதற்குச் செட்டில்மெண்ட் என்று பெயர். இந்த இடைக்காலத்தில் பணம் இடைநிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. விற்றவர் சேலையை அனுப்பாமல் மறைந்துவிட்டால், அட்டைக்காரர் தம் வங்கியில் முறையிடுவார். வங்கி பணத்தைத் திரும்பக் கேட்கும். சார்ஜ்பேக் என்பது இதுவே. விற்றவரைக் காணோமென்றால் இடைநிறுவனமே அந்நட்டத்தை ஏற்க நேரும். ஆகவே, வாரம் பதினைந்து சேலை விற்ற கடை திடீரென்று நூற்று நாற்பது விற்றால் அவர்களுக்கு ஐயம் பிறப்பதில் வியப்பில்லை.

எங்கள் பக்கத்திலும் குறைகள் இருந்தன. பதிவு செய்தபோது தொழிலைத் ‘தையற்கூடம்’ என்று குறித்திருந்தாள். அவள் முதலில் நடத்தியது அதுதான். இணையதளத்தில் கடைப் பெயர் ஒன்று, வங்கிக் கணக்கில் அவள் பெயர். பொருளைத் திருப்பும் விதிகளுக்கு ஒரு பக்கமே இல்லை. ஐயத்தோடு பார்ப்பவருக்கு இவை மூன்றும் ஒரே திசையில் விரல் நீட்டும். ஆயினும் ஐயம் கொள்வது வேறு, கேட்டவருக்கு விடை சொல்லாமல் இருப்பது வேறு. முதலாவதற்கு நான் அவர்களை மன்னித்துவிட்டேன்.

இனி, சட்டம் இதில் எவ்வளவு தூரம் துணை நிற்கிறது என்பதைப் பார்ப்போம். 2020 மார்ச் 17ஆம் நாள் இந்திய ரிசர்வ் வங்கி இத்தொழிலுக்கு விதிகளை வகுத்தது. வணிகருக்காகப் பணத்தைப் பெற்று வைத்திருந்து ஒப்படைக்கும் நிறுவனத்திற்குப் ‘பேமெண்ட் அக்ரிகேட்டர்’ என்றும், பணத்தைத் தொடாமல் தொழில்நுட்ப வழியை மட்டும் அமைத்துத் தருவதற்குப் ‘பேமெண்ட் கேட்வே’ என்றும் அது பெயரிட்டது. கடைத்தெருவில் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம்; பிழை அங்கேயே தொடங்குகிறது. முன்னதற்கு, வங்கியாக இல்லாதபோது, ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவை. அனுமதி கேட்கும்போது நிகர மதிப்புப் பதினைந்து கோடி ரூபாய் இருக்கவேண்டும். பின்னர் அது இருபத்தைந்து கோடியாக உயர்ந்தாக வேண்டும். வணிகர்களின் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல், ஒரு வங்கியில் எஸ்க்ரோ என்னும் தனிக் கணக்கில் வைத்தல் வேண்டும். முன்னாளில் கோயில் உண்டியலையும் தர்மகர்த்தாவின் மடிப்பையையும் வெவ்வேறாக வைத்தார்களே, அதைப் போல. அனுமதி பெற்றோரின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். நான் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடவில்லை.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அது சிறிய செய்தியன்று. நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்ற அளவில் கேட்பது வழக்கம். அக்கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு பட்டுச் சுங்குடி விற்றால் கட்டணம் 100 ரூபாய், வரி 18 ரூபாய். ஆக 118 ரூபாய். விலையோடு ஒப்பிட்டால் இது அற்பம். ஆனால் அச்சேலையில் அவளுக்கு நிற்கும் ஆதாயம் அறுநூறு ரூபாய்தான். ஆதாயத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆகவே மாணவர்கள் கட்டணத்தை விற்பனை விலையோடு ஒப்பிடாமல் ஆதாயத்தோடு ஒப்பிட்டுப் பழகுதல் நலம். யூ.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் 2020 ஜனவரி முதல் வணிகர் தள்ளுபடிக் கட்டணம் நீக்கப்பட்டிருக்கிறது. இருந்தும் சில நிறுவனங்கள் ‘தளக் கட்டணம்’ என்று வேறு பெயரில் ஒரு தொகை பெறுகின்றன. வெளிநாட்டு அட்டைக்குக் கட்டணம் கூடுதல். வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பினாலும் பல நிறுவனங்கள் தாம் எடுத்த கட்டணத்தைத் திருப்புவதில்லை. நான் ஒப்பிட்டு மகிழ்ந்த அந்தக் கால் ரூபாய், ஓராண்டு விற்பனை முழுவதிலும் மிச்சப்படுத்திய தொகை, வளையல்களின் வட்டியைவிடக் குறைவு.

இரண்டாம் முறை தேர்ந்தெடுத்தபோது ஒப்பந்தத்தை முழுவதும் படித்தோம். என்னென்ன காரணங்களுக்காகப் பணத்தை நிறுத்திவைக்கலாம், எத்தனை நாள்வரை, முறையீட்டை யாரிடம் எழுதவேண்டும் என்ற மூன்று இடங்களில் சிவப்பு மையால் கோடிட்டோம். கடைசிக் கேள்விக்கு ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் விடையே இல்லை, அதை விலக்கினோம். மற்றொன்றில் வெளியேறும்போது வைத்திருக்கும் பணத்தை எப்போது தருவார்கள் என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. கட்டணம் சற்றே கூடுதல். அதையே ஏற்றாள்.

வெளியேறும் வழியைக் கேட்பது வீண் அச்சமன்று. பேபால் உலகறிந்த நிறுவனம். அதுவே 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவின் உள்நாட்டுச் சேவையை நிறுத்திக்கொண்டது. அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் வேறிடம் தேட நேர்ந்தது. மாதந்தோறும் சந்தா பெறுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2022 அக்டோபர் முதல் வணிகரோ இடைநிறுவனமோ அட்டை எண்ணைச் சேமித்து வைக்கலாகாது. அதற்குப் பதிலாக டோக்கன் என்னும் மாற்றெண்ணே வைக்கலாம். அம்மாற்றெண் அந்த அட்டைக்கும், அந்த வணிகருக்கும், அதைக் கேட்டுப் பெற்ற நிறுவனத்திற்கும் மட்டுமே உரியது. நிறுவனத்தை மாற்றினால் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் மீண்டும் அட்டையைப் பதியவேண்டி வரும். சிலர் பதிவார்கள்; சிலர் அப்படியே நின்றுவிடுவார்கள்.

இப்பொழுது என் தங்கை இரண்டு நிறுவனங்களோடு உறவு வைத்திருக்கிறாள். கடைப் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கிறது. விற்பனை மிகும் என்று தோன்றினால், தறிகாரரின் ரசீதையும் சாயக்கூடத்தின் ரசீதையும் சேர்த்து முன்கூட்டியே கடிதம் எழுதி அனுப்பிவிடுகிறாள். மாதத்தில் ஒருநாள் தன் கடையில் தானே ஒரு கைக்குட்டை வாங்கி, அந்த நாற்பது ரூபாய் எத்தனை மணி நேரத்தில் வங்கியை வந்தடைகிறது என்று நாட்குறிப்பில் எழுதுகிறாள். சென்ற மாதக் குறிப்பில் கைக்குட்டைக்கு எதிரே ‘இரண்டாம் நாள் காலை’ என்று இருக்கிறது.