துருவும் திருத்தமும்

திருத்துதல் என்னுஞ் சொல்லை ஈழத்துத் தமிழர் வழங்கும் முறை தனியழகு வாய்ந்தது. ஆசிரியர் விடைத்தாளைத் திருத்துகின்றார். பதிப்பாசிரியர் பாடத்தைத் திருத்துகின்றார். உழவர் காட்டு நிலத்தைத் திருத்திக் கழனியாக்குகின்றார். கராஜில் வேலை செய்வோர் மோட்டார் வண்டியைத் திருத்துகின்றார். இக்கடைசிப் பொருளில் தமிழகத்தார் பழுதுபார்த்தல் என்பர். பழுதுபார்த்தல் என்பது குறையை நோக்கும் அளவில் நிற்கும். திருத்துதல் என்றவிடத்தோ, திருந்திய நிலை ஒன்று உண்டு, அதனை நோக்கி இப்பொருளைக் கொண்டுசெல்கின்றோம் என்னும் குறிப்புத் தோன்றும். அத்திருந்திய நிலை யாது என்பதே இக்கட்டுரையின் வினா. அதனை ஆராய்தற்கு, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அருகிச் சில வீட்டு முற்றங்களிற் படங்கு போர்த்தி நிற்கும் பழைய ஜீப், லாண்ட் ரோவர் வண்டிகளையே எடுத்துக்கொள்வாம்.

வண்டிகள் வந்த வழி

1940ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர், மேடுபள்ளம் பாராது ஓடவல்ல சிறு வண்டி ஒன்றை வேண்டினர். பான்டம் என்னுஞ் சிறிய நிறுவனம் அவ்வாண்டு செப்டெம்பரில் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பெருந்தொகையாய்ச் செய்யும் பணியோ வில்லிஸ் ஓவர்லாண்ட், ஃபோர்ட் என்னும் இரு நிறுவனங்களைச் சேர்ந்தது. 1945இல் போர் முடியுமுன் அவை ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப் வண்டிகளைச் செய்து தள்ளின.

1942 ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியத் தலைமைப் பாசறையைக் கண்டிக்கு மாற்றினார். படைகளோடு ஜீப்பும் இத்தீவிற் புகுந்தது. போர் ஓய்ந்தபின் குடிமக்கள் கைக்கு வந்த வண்டிகள் தேயிலைத் தோட்டங்களின் செங்குத்துப் பாதைகளில் ஏறியிறங்கின. அயலே இந்தியாவிலும் 1947 தொடக்கம் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புக்களை வருவித்து வண்டி பூட்டத் தொடங்கினர்.

லாண்ட் ரோவர் ஜீப்பின் வழித்தோன்றலே. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்துத் தலைமைப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ் என்பார், அங்கிள்சித் தீவிலிருந்த தம் பண்ணையிற் பழைய படை ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது தேய்ந்தொழிந்தால் அதன் இடத்தில் வைக்க யாதுண்டு என்ற எண்ணமே புதிய வண்டிக்கு வித்தாயிற்று. 1948 ஏப்ரல் 30இல் அது ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அரங்கேறிற்று. போருக்குப் பின் அந்நாட்டில் உருக்குக்குத் தட்டுப்பாடு. ஆதலின், அலுமினியத்தோடு மக்னீசியஞ் சேர்ந்த பேர்மாபிரைட் என்னுங் கலப்புலோகத்தால் மேலுடலைச் செய்தனர். வறுமையிற் கொண்ட இந்த உபாயமே பின்னாளில் அவ்வண்டிக்கு நீண்ட ஆயுளாய் அமைந்தது. டார்ஜிலிங் மலைப்புறத்து மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ முகட்டுக்கு, அக்காலத்து லாண்ட் ரோவர்கள் எழுபது ஆண்டு நிரம்பிய பின்னும் பயணிகளை ஏற்றிச் சென்றமை இதற்குச் சான்று.

நம் நாட்டிற் பழைய வண்டி பிழைத்திருப்பதற்குப் பற்று மட்டுங் காரணமன்று, பஞ்சமுங் காரணமாகும். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாய்க் கட்டுப்படுத்தப்பட்டது. மீண்டும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. புதியது வாராக் காலத்திற் பழையதைப் பேணும் கைத்திறன் வளர்ந்தது. மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளை அறியாத வண்டிக்காரர் கொழும்பில் இலர்.

துருவின் இயல்பு

இரும்பும் நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவுங் கூடிய விடத்துத் துரு பிறக்கும். உப்பு அதனை விரைவுபடுத்தும். வெள்ளவத்தையில் ரெயில் பாதைக்கு அப்பாற் கடல். கொட்டாஞ்சேனைக்கு அணித்தே துறைமுகம். இரண்டிடத்தும் உப்புக்காற்று ஓய்வதில்லை. வர்ணம் நீங்கிய இரும்புத் தகடு இரவு ஒன்று கழிவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். துரு, தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு இடங்கொள்வது. ஆதலின் இரு தகடுகள் பொருந்திய மூட்டில் அது புகுந்தால், ஆலம் வேர் மதிலைப் பிளப்பதுபோல் அம்மூட்டைப் பிளந்துவிடும்.

படை ஜீப்பில் துரு முதலிற் குடிகொள்ளும் இடங்களை அனுபவமுடையோர் நன்கறிவர். தரைத்தகட்டின் கீழே தொப்பி வடிவான இரும்பு விட்டங்கள் உண்டு. அவற்றினுள் வலுவுக்காக மரத்துண்டுகளைச் செருகியிருந்தனர். மரம் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ள, விட்டம் உள்ளிருந்தே உளுத்துப்போகும். சாரதியின் ஆசனத்தின் கீழ்ப் பெற்றோல் தாங்கி அமர்ந்த குழியும், ஆயுதப் பெட்டிகளின் அடித்தகடும் அடுத்தபடியாய் அழிவன. மேலே பளபளக்கும் பச்சை வர்ணத்தைக் கண்டு மயங்குவோன் ஏமாறுவான். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும், உளுத்தது மொத்தென்னும். காந்தமும் ஓர் உரைகல். முன்பு யாரோ பள்ளத்தை ‘கட்டலோய்’ப் பசையால் நிரப்பி மறைத்திருந்தால், அவ்விடத்திற் காந்தம் ஒட்டாது. லாண்ட் ரோவரிலோ எது இரும்பு, எது அலுமினியம் என்பதை அதே காந்தம் பிரித்துக் காட்டும்.

முற்றத்து வேலை

வீட்டிலே இவ்வேலையைத் தொடங்குவோர்க்கு வேண்டுவன மூன்று: மழை படாத கூரை, அயலாரின் பொறுமை, தம்முடைய பொறுமை. இவற்றுள் இறுதியதே அரிது. கழற்றுதல் எளிது, ஒரு வாரத்திற் பெரு வண்டியும் உறுப்புக் குவியலாகும். கழற்றியதைப் பெயரெழுதிக் கட்டாமலும் படமெடுத்து வைக்காமலும் விட்டால், ஏடுகள் முறைமாறிய சுவடியின் கதியே அதற்கு நேரும். ஆதலின் ஒவ்வொரு சுரையும் ஆணியும் தனித்தனித் தகரப் பேணியிற் பெயரோடு இருத்தல் வேண்டும்.

முதலிற் பார்க்க வேண்டுவது ‘செசி’ என வழங்கும் அடிச்சட்டம். அது தளர்ந்திருக்க மேலுடலை அலங்கரித்தல், அத்திவாரம் ஆடும் வீட்டுக்குச் சுண்ணம் பூசுவதை ஒக்கும். பின்பு, உளுத்த தரையை வெட்டுமுன் உடலின் இருபக்கத்தையும் குறுக்குக் கம்பிகளாற் பிணைத்து, மூலைக்கு மூலை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இரு குறுக்களவுகளும் ஒத்திருந்தாற்றான் உடல் நேராய் நிற்கும். இதனை விடுத்துத் தரையை வெட்டியெடுத்தவர்கள், புதிய தகடு பொருத்தியபின் முன்கண்ணாடிச் சட்டம் கோணி நிற்கக் கண்டு வருந்துவர்.

நெருப்பு வேலைக்கு முன் பெற்றோல் தாங்கியை வண்டியினின்றும் நீக்கித் தொலைவில் வைத்தல் தலையாய விதி. வெறுமையாய்த் தோன்றும் தாங்கியினுள் நிற்கும் ஆவியே மிகக் கொடியது. பழைய வர்ணங்களில் ஈயம் உண்டு. அத்தூளைச் சுவாசித்தலும், சிறுவர் விளையாடும் முற்றத்திற் பரப்புதலும் ஆகா.

வெட்டும்போது துருவின் ஓரத்தோடு நில்லாது நல்ல இரும்பு வரை செல்ல வேண்டும். நோயுற்ற தகட்டில் ஒட்டிய புதுத்தகடு நெடுநாள் நில்லாது. ஒருமுனையிலிருந்து தொடர்ந்து உருக்கி ஒட்டினால் வெப்பத்தால் தகடு நெளியும். ஆகவே எட்ட எட்டப் புள்ளியாய் ஒட்டி, ஆறவிட்டு, இடைவெளிகளைப் பையப்பைய நிரப்புவர். எஞ்சிய மெல்லிய துருவுக்குப் பொஸ்போரிக் அமிலம் பூசினால் அது கரிய பொஸ்பேற்றுப் படலமாய் மாறும். வெளிப்பட்ட இரும்புக்கு அன்று மாலைக்குள் முதற்பூச்சு இட வேண்டும். நம் ஊரின் உப்புக்காற்று நாளை வரை காத்திராது.

அலுமினியத் தகட்டின் இயல்பு வேறு. இரும்பு உருகுமுன் செந்நிறங் காட்டி எச்சரிக்கும். அலுமினியம் 660 பாகை வெப்பத்தில் யாதொரு நிறமுங் காட்டாமலே சரிந்துவிடும். அடியுண்ட அலுமினியத் தகடு இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் வெடிக்கும். பழைய டிங்கர் வேலைக்காரர் இதற்குக் கண்ட உபாயம் சவர்க்காரம். தகட்டின்மேற் சவர்க்காரத்தைத் தேய்த்து, மறுபுறத்தே சுவாலையைக் காட்டுவர். சவர்க்காரம் கருகிக் கறுக்கும் வேளையே வெப்பம் போதும் என்பதற்கு அடையாளம். ஆறியபின் தகடு மெழுகுபோல் இணங்கும். வெப்பமானி இல்லாத பட்டறையில் ஒரு துண்டுச் சவர்க்காரம் அப்பணியைச் செய்த நுட்பம் வியக்கற்பாலது.

லாண்ட் ரோவர் துருப்பிடியாது என்பாரும் உளர். அதன் அடிச்சட்டமும் எஞ்சினுக்குப் பின் நிற்கும் சுவரும் இரும்பே. இரும்பும் அலுமினியமும் தொட்டு நிற்குமிடத்தில் உப்புநீர் புகுந்தால் அது சிறு மின்கலம்போல் இயங்கும். அங்கே அலுமினியமே தன்னை இழந்து வெண்பொடியாய் உதிரும். இரண்டுக்கும் இடையே வர்ணமோ ரப்பரோ இட்டுப் பிரித்து வைத்தலே காப்பு. ஒன்றோடொன்று இணைந்து வாழ வேண்டியவை உராயாதிருக்க இடையே ஒரு மெல்லிய மரியாதை வேண்டும் போலும்!

எதை வைப்பது, எதை மாற்றுவது?

இனித் தொடக்கத்து வினாவுக்கு வருவாம். தரையை மாற்றினோம், பக்கத் தகட்டை மாற்றினோம், பொனட்டையும் மாற்றினோம். எஞ்சியது பழைய வண்டிதானா? மிலிந்தன் என்னும் யவன அரசனை நாகசேனத் தேரர் கேட்டதாக மிலிந்தபஞ்ஞம் கூறுவதும் இதுவே: சில்லா தேர்? அச்சா தேர்? உறுப்புக்கள் ஒருங்கு கூடியவிடத்து வழங்கும் பெயரன்றித் தேர் என வேறொன்றில்லை என்பது தேரர் முடிபு. நையாயிகரோ, அவயவங்களுக்கு வேறாய் அவயவி என ஒன்று உண்டு என்பர். வண்டி திருத்துவோர் இவ்வாதங்களைப் படித்திலர். ஆயினும் ஒவ்வொரு தகட்டை வெட்டும்போதும் இவ்விரு கட்சிக்கும் நடுவே நிற்கின்றனர்.

அவர்க்கு வழிகாட்டத் தக்கவர் நம் பதிப்பாசிரியர்களே என்பது எம் துணிபு. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினர். செல்லரித்த ஏட்டில் அடிகள் அழிந்திருந்தன. யாப்பறிந்த ஐயரவர்களுக்கு அவ்விடத்தைத் தம் சொல்லால் நிரப்புதல் அரிதன்று. ஆயினும் அவர் புள்ளியிட்டு விட்டார். இல்லாததை இல்லாததென்று காட்டிய அப்புள்ளிகளே, உள்ளவற்றை நாம் நம்புதற்கு ஆதாரம்.

வண்டிக்கும் இது பொருந்தும். ஃபோர்ட் நிறுவனத்தார் தாம் செய்த ஜீப்பின் உறுப்புக்களிலும் திருகாணிகளிலுமே தம் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தனர். தேய்க்கும் இயந்திரத்தை ஒரு நொடி மிகுதியாய்ப் பிடித்தால் அவ்வெழுத்து ஒழியும். அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் அத்தகையனவே. பாதுகாப்புக்கு வேண்டிய தடுப்பு, சுக்கான், தரை ஆகியவற்றிற் பழமைப்பற்றுக்கு இடமில்லை. அவை உறுதியாய் இருத்தல் வேண்டும். ஏனையவற்றில், பிழைத்ததைப் பிழைக்கவிட்டு, இறந்ததை மட்டும் மாற்றி, மாற்றியது இதுவென உட்புறத்திலேனும் ஆண்டு குறித்து வைத்தல் நேர்மை. கதிரேசன் கோயில்களிலிருந்து வெள்ளவத்தைத் திசை நோக்கி ஆடிவேல் விழாவிற் புறப்படும் தேரை, ஓர் உறுப்பு மாறியதனால் வேறு தேர் என்பார் யார்? வழக்கு அறாதிருத்தலே அதன் உயிர்.

இலக்கத் தகடு

இத்தகைய வண்டிகளில் ஓர் உறுப்பு மட்டும் உலோகம் என்ற அளவில் அடங்குவதன்று. 1957க்கு முன் பதிவான வண்டிகள் ஆங்கில எழுத்துக்களோடு கூடிய இலக்கம் பூண்டவை. அவ்வாண்டுத் தொடக்கத்திற் புதிய தகடுகளிற் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுத்தப்பட்டது. தமிழ்ப் பகுதிகளில் எதிர்ப்புக் கிளர்ந்தது. அவ்வெழுத்தை அழித்துத் தமிழ் ஸ்ரீ தீட்டிய வண்டிகள் வீதியில் ஓடின. 1958இல் அவ்வெழுத்துப் பொறித்த அரசாங்க பஸ்கள் வடக்கே வந்தபோது தார் பூசப்பட்டது. கொழும்பிலோ தமிழ்ப் பெயர்ப் பலகைகளின்மேல் தார் ஏறிற்று. அவ்வாண்டு மே மாதம் நிகழ்ந்த கலவரத்தை முதியோர் மறந்திலர். 1983 ஜூலையில் வெள்ளவத்தை முதலிய இடங்களில் வீடுகளோடு வண்டிகளும் எரிந்தன. தீயில் முழுதும் வெந்து நெளிந்த தகட்டை எச்சுத்தியலும் பழைய நிலைக்குக் கொணரவல்லதன்று.

ஆதலின், பழைய தகடு ஒன்றைக் கையிற் கொண்டு, அதன் ஓரத்திற் கரிய தார்க்கறை கண்ட இளைஞன் யாது செய்வான்? மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் ஒரு நாழிகையில் அதனைத் துடைத்துவிடலாம். தகடு அழகு பெறும். வண்டி கண்காட்சியிற் பரிசும் பெறக்கூடும். சட்டத்துக்கு இணங்கிய தகட்டை வண்டியிற் பூட்டுக, அதில் ஐயமில்லை. ஆயின் அப்பழைய தகட்டைத் துடையாது வீட்டினுள் வைத்தல் நன்று. அத்தார்க்கறை துரு அன்று. அதுவும் ஒரு பாடம். அதனை விரும்புவோரும் வெறுப்போரும் உளர். பிடித்த பாடத்தை வைத்துப் பிடியாததை நீக்குவோன் பதிப்பாசிரியன் ஆகான்.

மாணவர்க்கு ஒரு சொல். கைத்தொழில் வேறு, கல்வி வேறு என எண்ணற்க. தட்டிப் பார்த்து ஒலியறிதல், மறைத்த பூச்சைக் கண்டுபிடித்தல், நல்லது வரை சென்று வெட்டுதல், இட்டு நிரப்பியதை ஒளியாதிருத்தல் — இவை முற்றத்து வண்டிக்கும் வேண்டுவன, மூல பாடத்துக்கும் வேண்டுவன, ஒரு நாட்டின் வரலாற்றுக்கும் வேண்டுவன. துருவை நீக்குக, தழும்பை விடுக. திருத்தம் என்பது அதுவே.